மொரீஷியஸ் வீடுகளுக்கு ஈத்தர்நெட் கேபிள்: எதை வாங்குவது, எப்படிப் போடுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபைபர் இணைப்பு வீட்டுக்குள் வந்துவிட்டது. அந்தப் பெட்டியிலிருந்து மாடி அறைவரை, கேமராவரை, கடைக் கல்லாவரை இணையத்தைக் கொண்டுபோவது வீட்டுக்காரர் பொறுப்பு. சுவருக்குள் போன கேபிளை மாற்றுவது பெரும்பாடு. அதனால் வாங்கும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டியதை இங்கே தொகுத்திருக்கிறோம்.

வைஃபை இருக்கும்போது கேபிள் எதற்கு?

நம் வீடுகள் சிமென்ட் கல்லால் கட்டியவை. தளம் கம்பி போட்ட கான்கிரீட். கீழே அப்பா அம்மா, முதல் மாடியில் அண்ணன் குடும்பம், அதற்கு மேல் தம்பி குடும்பம் என்று ஒரே கட்டடத்தில் மூன்று வீடு இருப்பது இங்கே சாதாரணம். ஃபைபர் பெட்டியோ கீழ்வீட்டுக் கூடத்தில் இருக்கும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை ஒரு கான்கிரீட் தளத்தைத் தாண்டும்போதே மிகவும் இளைத்துவிடும். இரண்டு தளம் தாண்டினால் கிட்டத்தட்ட ஒன்றும் மிஞ்சாது. படிக்கட்டில் வைக்கும் ரிப்பீட்டர் வாங்கிய அலையையே திரும்ப அனுப்புவதால் வேகம் பாதியாகிவிடும்.

சரியான வழி, மாடிக்கு ஒரு கேபிள் ஏற்றி அதன் முனையில் அந்த மாடிக்கென்று ஓர் அக்சஸ் பாயிண்ட் (வைஃபை அலை பரப்பும் கருவி) வைப்பதுதான். கைபேசிகள் அதில் சேரட்டும். டிவி, மேசைக் கணினி, கேமரா ரெக்கார்டர் போல இடம் மாறாதவற்றை நேராகக் கேபிளில் கொடுங்கள்.

கேட் 5இ, 6, 6ஏ, 7, 8: எது வேண்டும்?

கேட் என்பது ‘கேட்டகரி’, அதாவது கேபிளின் தர வகை. புதிதாகப் போடும் வீட்டுக்கு, கவசமில்லாத (உள்ளே உலோகத் தகடு சுற்றாத), முழுச் செம்புக் கேட் 6. பெரும்பாலானவர்களுக்கு இதுவே பதில். காரணத்தைச் சொல்கிறோம்.

கேட் 5இ 100 மெகாஹெர்ட்ஸ்வரை சோதிக்கப்பட்டது. 100 மீட்டர் தூரத்துக்கு 1 ஜிகாபிட் தரும். 2016இல் வந்த தரத்தின்படி 2.5 ஜிகாபிட்டும் அதே தூரம் போகும். கேட் 6 என்றால் 250 மெகாஹெர்ட்ஸ். 5 ஜிகாபிட்டை 100 மீட்டருக்கும், 10 ஜிகாபிட்டைச் சுமார் 55 மீட்டருக்கும் கொண்டுபோகும். பல கேபிள்கள் ஒரே கட்டாகப் போனால் 10 ஜிகாபிட் தூரம் 37 மீட்டராகக் குறையலாம். வீட்டில் எந்த ஓட்டமும் (ஒரு கேபிள் முனைக்கு முனை போகும் தூரம்) 30 மீட்டரைத் தாண்டுவது அரிது, ஆகவே இது போதும். கேட் 6ஏ 500 மெகாஹெர்ட்ஸ். 10 ஜிகாபிட்டை முழு 100 மீட்டருக்குத் தரும். ஆனால் கேபிள் தடிமன், வளைக்கக் கடினம், குழாயில் இடம் அதிகம் பிடிக்கும். எபென் போன்ற அலுவலகப் பகுதிகளில் பெரிய தளம் எடுத்திருப்பவர்கள் இதை யோசிக்கலாம்.

கேட் 7க்கு ஆசைப்பட வேண்டாம். அந்தத் தரம் வேறு வகை இணைப்பிகளுக்காக எழுதப்பட்டது. வழக்கமான ஆர்ஜே45 பிளக் மாட்டி ‘கேட் 7’ என்று விற்கும் கேபிள், பயன்பாட்டில் கேட் 6ஏ தருவதற்கு மேல் எதுவும் தராது. கேட் 8 சர்வர் அறைகளுக்கானது. 2000 மெகாஹெர்ட்ஸ், 30 மீட்டர் எல்லை.

இந்த 100 மீட்டர் என்பதில் சுவருக்குள் போகும் 90 மீட்டரும், இரு முனைகளிலும் மாட்டும் சிறு கேபிள்கள் சேர்ந்து 10 மீட்டரும் அடக்கம்.

ஏற்கெனவே சுவரில் கேட் 5இ இருக்கிறது. பிடுங்கிவிடவா?

வேண்டாம். செம்பாக இருந்து, முனைகள் ஒழுங்காக இருந்தால் அது 1 ஜிகாபிட்டுக்குக் குறையாது. முதலில் முனைகளைப் புதிதாகப் போட்டுச் சோதியுங்கள். பழைய வீட்டில் நான்கே வயர் உள்ள தொலைபேசிக் கேபிளாக இருந்தால் மட்டும் மாற்றத்தான் வேண்டும். அதையே இழுகயிறாகப் பயன்படுத்திப் புதியதை உள்ளே இழுத்துவிடலாம்.

முழுச் செம்பா, செம்பு பூசிய அலுமினியமா? எப்படிக் கண்டுபிடிப்பது?

எந்தக் கேட் எண்ணையும்விட இந்தக் கேள்விதான் முக்கியம். அலுமினியக் கம்பிமேல் மெல்லிய செம்பு பூசிய கேபிள் விலை குறைவு; பெட்டியில் ‘கேட் 6’ என்றே அச்சிட்டிருக்கும். ஆனால் தரவிதிகள் முழுச் செம்பைத்தான் கேட்கின்றன. அலுமினியம் கலந்தது அந்தப் பெயருக்கே தகுதியில்லாதது. அதே தடிமனில் அதன் மின்தடை செம்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்குக்கு மேல். இரண்டு மூன்று முறை வளைத்தால் உள்ளே ஒடிந்துவிடும். வெட்டிய முனையில் ஈரம் பட்டால் அலுமினியம் அரிக்கும். நம் கடலோரக் காற்றில் இன்னும் சீக்கிரம்.

கடையில் செய்யக்கூடியது: ஒரு வயரின் உறையைச் சீவி, கத்தி முனையால் கம்பியைச் சுரண்டுங்கள். உள்ளேயும் சிவப்பாக இருந்தால் செம்பு. வெள்ளி நிறம் தெரிந்தால் அலுமினியம். எடையும் பொய் சொல்லாது. 305 மீட்டர் கேட் 6 பெட்டி ஒன்றில் 23 ஏடபிள்யூஜி (கம்பித் தடிமனைச் சொல்லும் எண்) கம்பி என்றால் செம்பின் எடை மட்டுமே ஐந்தரைக் கிலோவைத் தாண்டும். அதன்மேல் உறையும் நடுத்தண்டும் பெட்டியும் சேர வேண்டும். முழுப் பெட்டியே ஐந்தாறு கிலோ என்றால் உள்ளே செம்பு இல்லை.

இன்னும் உறுதியான வழி மல்டிமீட்டர். சுருளின் இரு முனையும் கைக்கு எட்டினால், ஒரு முனையில் ஒரு ஜோடியின் (கேபிளுக்குள் ஒன்றோடொன்று முறுக்கி வரும் இரண்டு வயர்) இரு கம்பியையும் முறுக்கிச் சேருங்கள். மறுமுனையில் அதே ஜோடியின் தடையை அளங்கள். முதலில் மீட்டரின் இரு முள்ளையும் ஒன்றோடொன்று தொட்டு, காட்டும் அளவைக் கழித்துக்கொள்ளுங்கள். 100 மீட்டருக்கு 19 ஓமுக்குள் இருக்க வேண்டும். நல்ல 23 ஏடபிள்யூஜி செம்பு 13, 14 ஓம் காட்டும். 24 ஏடபிள்யூஜி 17 அளவில் நிற்கும். அலுமினியம் 20ஐத் தாண்டும், மெல்லியது 26, 27வரை போகும். முழுப் பெட்டி 305 மீட்டருக்கு எல்லை 57 ஓம். சுவரில் ஏற்கெனவே ஓடும் கேபிளுக்கும் இதே கணக்கு. 30 மீட்டருக்கு ஐந்தரை ஓமுக்கு மேல் காட்டினால் சந்தேகப்படுங்கள்.

உறைமேல் அச்சிட்டிருக்கும் எழுத்துகளில் எதைப் பார்க்க வேண்டும்?

கேட் எண், ஏடபிள்யூஜி எண், கவச வகை, மீட்டர் குறி. ஏடபிள்யூஜி எண் கூடக் கூடக் கம்பி மெலிகிறது: 23 தடிமன், 24 நடுத்தரம், 28 மிகவும் மெல்லியது.

ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். ஐரோப்பாவிலிருந்து வரும் நல்ல கேபிள்களில் ‘சிசிஏ’ என்று இருப்பதைப் பார்த்துப் பலர் அலுமினியம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். முதல் ‘சி’ மட்டும் பெரிய எழுத்தாகவும், அடுத்த இரண்டும் சிறிய எழுத்தாகவும், பின்னால் எஸ், டி, ஏ எழுத்துகள் எண்களோடும் வந்தால் அது தீப்பரவல் தரம்; நல்ல தரமும்கூட. மூன்றும் பெரிய எழுத்தாகத் தனியே நின்றால்தான் செம்பு பூசிய அலுமினியம். இதற்கு மேலும் சந்தேகம் இருந்தால் கத்தியால் சுரண்டிப் பாருங்கள்.

பிரெஞ்சு அட்டையில் ‘மோனோப்ரேன்’ என்றால் ஒற்றைக் கம்பி, ‘மல்டிப்ரேன்’ என்றால் பல இழை. ‘ட்ருவா’ நேர் இணைப்பு, ‘க்ருவாஸே’ குறுக்கிணைப்பு. இந்தக் கடைசி வகை இன்று தேவைப்படாது. ஜிகாபிட் கருவிகள் தாமாகவே மாற்றிக்கொள்ளும்.

ஒற்றைக் கம்பிக்கும் பல இழைக்கும் என்ன வேறுபாடு?

சுவருக்குள் ஒற்றைக் கம்பி, சுவருக்கு வெளியே பல இழை. ஒற்றைக் கம்பியில் சிக்னல் இழப்பு குறைவு, ஆனால் அடிக்கடி அசைத்தால் ஒடியும். பல இழை நன்றாக வளையும், ஆனால் நீண்ட தூரத்தில் இழப்பு 20 விழுக்காடும் அதற்கு மேலும் கூடும். ஆகவே சுவர்ப்பெட்டியிலிருந்து கணினிக்கு 1, 2 மீட்டர் பேட்ச் கேபிளைத் தயாராகவே வாங்குங்கள். கையால் செய்ய வேண்டாம்.

கவசமுள்ள கேபிள் நல்லதுதானே?

வீட்டுக்குத் தேவையில்லை. கவசம் பயன் தர வேண்டுமானால் கேபிள், சுவர் ஜாக், பேட்ச் பேனல் (கேபிள்கள் ஒன்றாக வந்து முடியும் பலகை) எல்லாமே கவச வகையாக இருந்து, கடைசியில் நல்ல எர்த்தில் சேர வேண்டும். பிளாஸ்டிக் பிளக் மாட்டிய கவசக் கேபிளில் அந்தத் தகடு எங்கும் சேராமல் தொங்கிக்கொண்டிருக்கும். லிஃப்ட் மோட்டார், வெல்டிங் பட்டறை, பெரிய குளிர்பதன அறை பக்கத்தில் இருந்தால் கவசத்தை யோசியுங்கள். எர்த் வேலையை மின்பணியாளரிடம் விடுங்கள்.

வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். குழாய் எப்படி விடச் சொல்ல வேண்டும்?

பணம் இருக்கும் இடத்தில் குழாய்க்குச் செலவழியுங்கள். கேபிளை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்; கான்கிரீட் ஊற்றியபின் குழாய் விட முடியாது.

25 மில்லிமீட்டர் குழாய் கேளுங்கள். சுமார் 6 மில்லிமீட்டர் தடிமனுள்ள கேட் 6இல் நான்கு கேபிள் அதற்குள் சிரமமின்றிப் போகும். 20 மில்லிமீட்டர் குழாயில் இரண்டுதான். குழாயின் பரப்பில் 40 விழுக்காட்டுக்கு மேல் நிரப்பினால் இழுக்கும்போது உரசிக் கிழியும். இரண்டு பெட்டிகளுக்கு நடுவே 90 பாகை வளைவு இரண்டுக்கு மேல் வேண்டாம், அதுவும் அகலமான வளைவாக இருக்கட்டும். ஒவ்வொரு குழாயிலும் ஒரு நைலான் கயிற்றை விட்டுவையுங்கள்.

230 வோல்ட் மின்வயரோடு ஒரே குழாயில் ஒருபோதும் விடக்கூடாது. முதல் காரணம் இரைச்சலில்லை, உயிர். மின்வயரின் உறை எங்காவது கிழிந்தால் அந்த மின்சாரம் நேராக ரவுட்டருக்கும் கேமராவுக்கும், தொடுபவர் கைக்கும் போகும். பக்கத்தில் இணையாகப் போகும் இடத்தில் 20 சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள். குறுக்கே தாண்டித்தான் ஆகவேண்டுமானால் நேர்குறுக்காகத் தாண்டுங்கள்.

இழுக்கும்போது 11 கிலோ விசைக்கு மேல் கூடாது. இருவர் சேர்ந்து இழுப்பதைவிட ஒருவர் தள்ளி ஒருவர் இழுப்பது நல்லது. வளைவின் ஆரம் கேபிள் தடிமனைப்போல் நான்கு மடங்குக்குக் குறையக் கூடாது, அதாவது சுமார் இரண்டரை சென்டிமீட்டர்.

எவ்வளவு கேபிள் வாங்க வேண்டும்?

மூன்று மாடி வீட்டை எடுத்துக்கொள்வோம். மாடிக்கு இரண்டு புள்ளி, வெளியே இரண்டு கேமரா, மொத்தம் எட்டு ஓட்டம். ஓட்டத்துக்குச் சராசரி 20 மீட்டர் என்றால் 160. சுவர்ப்பெட்டிப் பக்கம் 30 சென்டிமீட்டர், சுவிட்ச் (எல்லாக் கேபிளும் வந்து சேரும் நெட்வொர்க் பெட்டி) பக்கம் 2 மீட்டர் மிச்சம் விட வேண்டும். அது ஒரு 18 மீட்டர். வெட்டு, தவறு, வளைவுக்கு 15 விழுக்காடு. ஏறக்குறைய 205 மீட்டர். 100 மீட்டர் சுருள் இரண்டு வாங்கினால் கடைசி ஓட்டத்துக்குப் பற்றாது. 305 மீட்டர் பெட்டி ஒன்று சரி.

புள்ளிக்கு ஒன்று என்று நிறுத்தாமல் டிவி இடத்தில் இரண்டு இழுங்கள். ஒன்று ஒடிந்தால் மற்றது இருக்கும்.

முனை போடுவது எப்படி?

சுவருக்குள் வரும் ஒற்றைக் கம்பிக் கேபிளில் பிளக் அடிக்காதீர்கள். கீஸ்டோன் ஜாக் (சுவர்ப்பெட்டியில் பொருத்தும் துளை) வையுங்கள். அசையும் பகுதி பேட்ச் கேபிளாக இருக்கும், சுவர்க் கேபிள் அசையாது. கேமரா முனை போன்ற இடத்தில் பிளக்தான் வழி என்றால், ஒற்றைக் கம்பிக்கான கேட் 6 பிளக்கைக் கேட்டு வாங்குங்கள். 23 ஏடபிள்யூஜி வயர் கேட் 5இ பிளக்கின் துளையில் நுழையாது.

நிற வரிசை, பி முறையில் இடமிருந்து வலம், கொக்கி கீழ்ப்பக்கம் இருக்க: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. ஏ முறையில் ஆரஞ்சு ஜோடியும் பச்சை ஜோடியும் இடம் மாறும். எது வேண்டுமானாலும் சரி, வீடு முழுவதும் ஒன்றே இருக்க வேண்டும். ஜாக்கின் பக்கவாட்டில் இரண்டு முறைக்கும் நிறப்படம் இருக்கும். பழைய புள்ளியைத் திறந்து எது என்று பார்த்த பிறகே புதியதைத் தொடங்குங்கள்.

வெளியுறையை 3 சென்டிமீட்டர் சீவுங்கள். உள்வயரில் வெட்டு விழுந்திருந்தால் அந்த முனையை வெட்டிவிட்டு மறுபடி தொடங்குங்கள். முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்காதீர்கள். கேட் 6 அந்த வேகத்தைத் தருவதே அந்த முறுக்கினால்தான். பிளக்கில் வெளியுறையும் உள்ளே நுழைந்து, பிடிப்புப்பட்டை உறைமேல் அழுந்த வேண்டும். அழுத்தும் முன் முன்பக்கத்தில் எட்டுச் செம்புப் புள்ளியும் தெரிகிறதா என்று எண்ணுங்கள்.

500 எம்பிபிஎஸ் திட்டம் எடுத்திருக்கிறேன். கேபிளில் 94க்கு மேல் ஏறவில்லை. ஏன்?

94 என்ற எண்ணே நோயைச் சொல்லிவிடுகிறது. இணைப்பு 100 எம்பிபிஎஸ்ஸில் நின்றுவிட்டது. ஜிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். 100க்கு இரண்டே போதும். நீல ஜோடியிலோ பழுப்பு ஜோடியிலோ ஒரு வயர் சேரவில்லை என்றால், கருவிகள் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். இணையம் வேலை செய்வதால் யாருக்கும் சந்தேகம் வராது.

முதலில் பேட்ச் கேபிளை மாற்றிப் பாருங்கள். பிறகு ரவுட்டரின் வேறொரு துளையில் மாட்டுங்கள். அப்போதும் 100 என்றால் கணினியைக் கீழே கொண்டுபோய் ரவுட்டரிலேயே நேராக இணையுங்கள். அங்கே 1000 காட்டினால் சுவர்க் கேபிளின் ஏதோ ஒரு முனையில் கோளாறு. இரண்டு ஜாக்கையும் திறந்து மறுபடி பஞ்ச் செய்யுங்கள், அதாவது வயர்களைப் பற்களுக்குள் அழுத்திச் சேருங்கள். ரவுட்டரில் நேராக இணைத்தும் 100 என்றால் கணினியைப் பாருங்கள். ஜாக்குகளைச் சரிசெய்த பிறகும் 100 என்றால் நடுவில் இருக்கும் பழைய சுவிட்சைப் பாருங்கள். 100 எம்பிபிஎஸ் சுவிட்ச்கள் இன்னும் பல கடைகளில் கல்லாவுக்கு அடியில் ஓடிக்கொண்டிருக்கின்றன.

சோதனைக் கருவியில் எட்டு விளக்கும் வரிசையாக எரிகிறது. ஆனாலும் இணைப்பு விட்டுவிட்டு வருகிறதே?

ஜோடி பிரிந்திருக்கலாம். இரு முனையிலும் ஒரே தவறான வரிசையைப் போட்டிருந்தால் 1க்கு 1, 2க்கு 2 என்று விளக்கு சரியாகவே எரியும். ஆனால் 3உம் 6உம் ஒரே முறுக்கில் இருக்க வேண்டியவை. அவை வேறுவேறு ஜோடியிலிருந்து வந்தால் ஒன்றின் சிக்னல் மற்றதில் கலக்கும். எட்டு வயரையும் நிறம் பாராமல் ‘நேராகப் போட்டால் போதும்’ என்று நினைப்பதால் வரும் கோளாறு இது. மலிவு விளக்குக் கருவி இதைக் காட்டாது. கண்ணால் நிறத்தைப் பாருங்கள்.

கேமரா பகலில் நன்றாக ஓடுகிறது, இருட்டியதும் நின்று நின்று வருகிறது. கேபிளா காரணம்?

பெரும்பாலும் ஆம். கேபிள்வழி மின்சாரம், அதாவது பிஓஇ, எடுக்கும் கேமராவில் இரவில் அகச்சிவப்பு விளக்குகள் எரியும், மின்னோட்டம் கூடும். அலுமினியக் கேபிளிலோ துருப்பிடித்த பிளக்கிலோ தடை அதிகமானால் முனையில் வோல்ட் விழுந்து கேமரா மறுபடி மறுபடி தொடங்கும். முதல் தரத்தில் சுவிட்ச் 15.4 வாட் கொடுத்தால் 100 மீட்டர் கடைசியில் 12.95 வாட் கிடைக்கும் என்பதே கணக்கு. அடுத்ததில் 30க்கு 25.5. இந்தக் கணக்கு செம்புக்கு எழுதியது. 90 வாட்வரை தரும் புதிய பிஓஇயில் அலுமினியக் கேபிளைக் கட்டாகக் கட்டி ஓட்டினால் சூடாகும். அதைச் செய்யவே கூடாது.

வெளிச்சுவரில், மொட்டைமாடியில் போடலாமா?

வீட்டுக்குள் போடும் சாம்பல் நிறப் பிவிசி உறை நம் வெயிலில் வெளுத்து வெடித்துவிடும். வெளியே கறுப்புப் பாலிஎத்திலீன் உறையுள்ள வெளிப்புறக் கேபிளே வேண்டும். மண்ணுக்குள் புதைப்பதென்றால் உள்ளே ஜெல் நிரப்பியது. வீட்டுக்குள் நுழையும் துளைக்கு முன்பு கேபிளை ஒரு சாண் கீழே தொங்கவிட்டு மேலேற்றுங்கள். மழைநீர் அந்த வளைவில் சொட்டிவிடும், உள்ளே வராது. துளையை உள்ளிருந்து வெளியே சற்றுச் சரிவாகத் துளையுங்கள்.

ஃபிளிக்-ஆன்-ஃபிளாக், கிராந் பே போன்ற கடலோரங்களில் உப்புக்காற்று பிளக்கின் செம்பைப் பச்சையாக்கும். பிஓஇ மின்சாரம் ஓடும் முனையில் அரிப்பு இன்னும் வேகம். கேமரா இணைப்பைத் திறந்தவெளியில் விடாமல் ரப்பர் வளையமுள்ள மூடிய பெட்டிக்குள் வையுங்கள். கியூர்பிப் பக்கத்தில் உப்பு குறைவு, ஈரம் அதிகம். பெட்டி அங்கேயும் அவசியம்.

புயல்காலத்தில் இரண்டாம் எச்சரிக்கை வந்ததும், வெளியிலிருந்து வரும் கேபிள்களைச் சுவிட்சிலிருந்து பிடுங்கிவிடுங்கள். இடி மின்னலுக்கும் அப்படியே, ஆனால் இடி முழங்கத் தொடங்கும் முன்பு. தொடங்கியபின் கேபிளைத் தொட வேண்டாம்.

கோவிலில் அலுவலகம் ஒரு கட்டடம், மண்டபம் இன்னொரு கட்டடம். காவடி நாளில் நேரலை வேண்டும். நடுவே கேபிள் இழுக்கலாமா?

செம்புக் கேபிள் வேண்டாம். இரண்டு கட்டடத்துக்கும் எர்த் தனித்தனி. பக்கத்தில் மின்னல் விழும் நொடியில் இரண்டுக்கும் நடுவே பெரிய வோல்ட் வேறுபாடு வரும். அதைச் சமன் செய்ய மின்சாரம் தேடும் பாதை உங்கள் ஈத்தர்நெட் கேபிள்தான். கோபுரமும் கொடிமரமும் உயர்ந்து நிற்கும் இடத்தில் இதை அலட்சியம் செய்யக்கூடாது. இரு பக்கமும் சுவிட்ச் போய்விடும், ஒலிபெருக்கிக் கருவியும் சேர்ந்து போகலாம்.

இரு முனையும் தயாராகப் போட்டு வரும் சிங்கிள்மோட் (நீண்ட தூர வகை) ஃபைபர் கேபிளை, உள்ளே உலோகக் கம்பி இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள். பக்கத்துக்கு ஒரு மீடியா கன்வெர்ட்டர் (ஃபைபரையும் ஈத்தர்நெட்டையும் இணைக்கும் பெட்டி), அல்லது ஃபைபர் துளையுள்ள சுவிட்ச். கண்ணாடியில் மின்சாரம் ஓடாது. 100 மீட்டர் எல்லையும் இல்லை. மண்டபத்துக்குள் சுவிட்சிலிருந்து கேமராவரை வழக்கமான கேட் 6. அந்த நாளுக்கு மட்டும் தரையில் போடும் கேபிள் இருந்தால், பக்தர்கள் வெறுங்காலோடு நடக்கும் பாதையைத் தவிர்த்துச் சுவரோரமாகக் கொண்டுபோய் ஒட்டுங்கள். ஒரு நாள் முன்பே முழு நேரலையையும் ஓட்டிப் பாருங்கள்.

கதவுக்கு அடியில் தட்டைக் கேபிள் விடலாமா?

தற்காலிகமாக, சில மீட்டருக்கு விடலாம். அதில் கம்பி 30, 32 ஏடபிள்யூஜி அளவுக்கு மெலிந்திருக்கும். கதவு அடிக்கடி உரசினால் ஒடியும். பிஓஇக்கு வேண்டாம்.

கேபிள் இரண்டு மீட்டர் பற்றவில்லை. நடுவில் முறுக்கி டேப் சுற்றலாமா?

கூடாது. முறுக்கு கலைந்து, ஈரமும் நுழையும். சுவர்ப்பெட்டி ஒன்றை அங்கே வைத்து, கீஸ்டோன் ஜாக்கில் முடித்து, மீதித் தூரத்துக்குப் பேட்ச் கேபிள் மாட்டுங்கள். பெட்டி வைக்க இடமில்லை என்றால் கேட் 6 தரமுள்ள இணைப்புப் பெட்டி ஒன்றைப் பயன்படுத்தலாம். உள்ளே பஞ்ச் செய்யும் பற்கள் இருக்கும். ஒரு ஓட்டத்தில் ஒன்றுக்கு மேல் வைக்காதீர்கள். அது எங்கே இருக்கிறது என்பதை மூடியின் மேலும், சுவிட்ச் பக்கத்துக் கேபிள் முனையிலும் அழியா மையால் எழுதிவையுங்கள்.